நெஞ்சாங்கூடும் ஊமைக்காயங்களும்: மார்பின் அமைப்பையும் அதில் படும் அடிகளையும் அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மார்பில் அடிபட்ட ஒருவரைச் சூழ்ந்து நிற்பவர்கள் முதலில் கேட்பது 'எலும்பு ஏதும் முறிந்துவிட்டதா' என்பதைத்தான். அந்தக் கேள்வி சற்றுப் பொறுக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது அவருக்கு மூச்சு எப்படி வந்து போகிறது என்பதை. தோலில் கீறல்கூட இல்லாமல் உள்ளே சேதம் விளைவிக்கும் அடியை ஊமைக்காயம் என்று நம் மக்கள் சொல்வார்கள். அந்தச் சொல் உடலின் வேறெந்தப் பகுதியைக் காட்டிலும் மார்புக்கே மிகவும் பொருந்தும். எந்த விலா எலும்பு முறிந்தது என்பதைவிட அதன் பின்னால் என்ன இருக்கிறது, அடிக்குப் பின் மூச்சின் வேலை தடைப்படாமல் நடக்கிறதா என்பவையே ஒருவரின் உயிரைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி அமைப்பில் தொடங்கிக் காயங்களுக்கும், அங்கிருந்து முதலுதவிக்கும் வீட்டுப் பராமரிப்புக்கும் செல்கிறது.

முதல் படி: உங்கள் விரலாலேயே எலும்புகளை எண்ணுங்கள்

தொண்டைக்குழியில் ஒரு விரலை வையுங்கள். அங்கிருந்து நடுக்கோட்டில் மெல்லக் கீழே தடவி வந்தால், ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் குறுக்காக ஒரு சிறு மேடு தட்டுப்படும். நெஞ்செலும்பின் மேல்துண்டும் நடுத்துண்டும் சேரும் இடம் அது. அந்த மேட்டிலிருந்து பக்கவாட்டில் விரலை நகர்த்தினால் கிடைப்பது இரண்டாவது விலா எலும்பு. முதல் விலா, தோளையும் நெஞ்செலும்பையும் இணைக்கும் காறை எலும்புக்கு அடியில் மறைந்திருப்பதால் அதை எளிதில் தொட முடியாது. அதனால்தான் மருத்துவர்களும் இந்த மேட்டிலிருந்தே கீழ்நோக்கி எண்ணுகிறார்கள். உள்ளே மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிவதும் ஏறக்குறைய இதே மட்டத்தில்தான்.

நெஞ்சாங்கூட்டில் 12 இணை விலா எலும்புகள் உள்ளன. பின்புறம் இவை அனைத்தும் 12 மார்பு முள்ளெலும்புகளோடு மூட்டால் இணைந்திருக்கின்றன; முன்புறத்தில்தான் வேறுபாடு. முதல் 7 இணைகள் தத்தம் குருத்தெலும்பு வழியாக நெஞ்செலும்பை நேரடியாக அடைகின்றன. 8 முதல் 10 வரையுள்ளவை மேலிருக்கும் குருத்தெலும்பைப் பற்றிக்கொண்டு மறைமுகமாக இணைகின்றன. 11, 12 ஆகிய இரண்டும் முன்புறம் எதிலும் சேராமல் தசைக்குள்ளேயே முடிந்துவிடுவதால் மிதக்கும் விலாக்கள் எனப்படுகின்றன. நெஞ்செலும்பின் கீழ்நுனியாகிய சிறு வாள்முனை, நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே கைக்குத் தட்டுப்படும். அதைப் புதிதாகக் கட்டி ஒன்று முளைத்துவிட்டதோ என்று அஞ்சி மருத்துவரிடம் செல்பவர்கள் உண்டு. அது எல்லோருக்கும் உள்ள எலும்புதான்.

இரண்டாம் படி: தோலிலிருந்து உள்ளே செல்லுங்கள்

தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் முன்புறத்தில் பரந்திருப்பது பெரிய மார்புத் தசை. காறை எலும்பு, நெஞ்செலும்பு, மேல் விலாக்களின் குருத்தெலும்பு ஆகியவற்றில் தொடங்கும் இத்தசை, மேற்கை எலும்பில் ஒரு தசைநாணாகச் சென்று முடிகிறது. அக்குளின் முன்மடிப்பை உருவாக்குவதும் இதுவே. பெண்களின் மார்பகம் 2-ஆம் விலாவிலிருந்து 6-ஆம் விலா வரை பெரும்பாலும் இத்தசையின் மேல்தான் அமர்ந்திருக்கிறது.

விலாக்களுக்கு இடையில் மூன்று அடுக்குகளாக இடைவிலாத் தசைகள் உள்ளன. ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பையும் ஒட்டிய பள்ளத்தில் மேலிருந்து கீழாகச் சிரை, தமனி, நரம்பு என்ற வரிசையில் மூன்றும் சேர்ந்து ஓடுகின்றன. சிறிய செய்தியாகத் தோன்றும் இது இரண்டு பெரிய விளைவுகளை விளக்குகிறது. விலா முறியும்போது அந்தத் தமனி கிழிந்தால் மார்புக்குள் இரத்தம் கொட்டும். அந்த நரம்பு நசுங்கினால் வலி முதுகிலிருந்து முன்புறம் வரை ஒரு பட்டை போலச் சுற்றி வரும். நெஞ்சுக்குள் குழாய் செலுத்தும் மருத்துவர் எப்போதும் விலாவின் மேல்விளிம்பை ஒட்டியே நுழைவதற்கும் இதுதான் காரணம்.

அதற்கும் உள்ளே ப்ளூரா என்னும் இரட்டைச் சவ்வு இருக்கிறது. ஓர் அடுக்கு நெஞ்சாங்கூட்டின் உட்சுவரிலும், மற்றது நுரையீரலின் மேலும் ஒட்டியிருக்க, இடையில் மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே உண்டு. அந்த இடைவெளியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால்தான், தானாகச் சுருங்கும் இயல்புடைய நுரையீரல் விரிந்தபடி நிற்கிறது. வலது நுரையீரல் 3 மடல்களாலும் இடது நுரையீரல் 2 மடல்களாலும் ஆனது. இவற்றின் உச்சி காறை எலும்புக்குச் சற்று மேலே கழுத்தின் அடிப்பகுதி வரை எழும்பியிருப்பதால், கழுத்தின் அடியில் பட்ட கத்திக்குத்தும் நுரையீரலைத் துளைக்கக்கூடும்.

இரு நுரையீரல்களுக்கும் நடுவே இதயம், பெருந்தமனி, பெருஞ்சிரைகள், மூச்சுக்குழாய், உணவுக்குழாய் ஆகியவை நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. இதயத்தின் மூன்றில் இரு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்புறம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள இதய உறை உறுதியானது, எளிதில் விரியாதது. பின்னால் வரும் ஒரு காயத்துக்கு இந்தப் பண்பே உயிர்நாடி.

மூன்றாம் படி: மூச்சு இழுக்கப்படும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நெஞ்சாங்கூடு ஒரு துருத்தி. அதன் அடித்தட்டு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையாகிய உதரவிதானம். நாம் மூச்சை இழுக்கும்போது அது சுருங்கிக் கீழிறங்குகிறது. மேல் விலாக்கள் நெஞ்செலும்பை முன்னோக்கித் தள்ளுகின்றன. கீழ் விலாக்கள் வாளியின் கைப்பிடி எழுவதுபோலப் பக்கவாட்டில் உயர்கின்றன. கொள்ளளவு கூடுவதால் உள்ளழுத்தம் குறைந்து காற்று தானே நுழைகிறது. அமைதியாக இருக்கும் வளர்ந்த ஒருவர் ஒரு மூச்சில் சுமார் 500 மி.லி. காற்றை இழுக்கிறார், நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். இந்தத் துருத்தி பழுதாவதற்கு மூன்று வழிகள்தான் உண்டு: சட்டகம் உடையலாம், பக்கச்சுவரில் ஓட்டை விழலாம், அல்லது உள்ளே காற்றோ இரத்தமோ நிறைந்து நுரையீரலுக்கு இடமில்லாமல் போகலாம். மார்புக் காயங்களில் பெரும்பாலானவற்றை இம்மூன்றில் ஒன்றாக அடையாளம் காணலாம்.

உதரவிதானத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பலர் தவறவிடுகிறார்கள். அது தட்டையான தளமாக இல்லாமல் குவிமாடமாக மேலெழுந்து நிற்கிறது. மூச்சை முழுவதும் வெளிவிட்ட நிலையில் அதன் உச்சி 5-ஆம் விலா மட்டம் வரை ஏறிவிடுகிறது. ஆகவே முலைக்காம்பு மட்டத்துக்குக் கீழே படும் காயம் எதையும் மார்புக் காயம் என்று மட்டும் கருதக் கூடாது. வயிற்றுக் காயமாகவும் இருக்கலாம். வலது கீழ் விலாக்களுக்குப் பின்னால் கல்லீரலும், இடது கீழ் விலாக்களுக்குப் பின்னால் மண்ணீரலும், இருபுறமும் பின்பக்கம் சிறுநீரகங்களும் உள்ளன. உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்தின் 3, 4, 5-ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து புறப்படுவதால், மண்ணீரல் கிழிந்து இரத்தம் உதரவிதானத்தைத் தொடும்போது வலி இடது தோள்முனையில் தெரியும். இடது விலாவில் அடிபட்டவர் தோள் வலிக்கிறது என்று சொன்னால், தோளைத் தடவிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நான்காம் படி: காயங்களை இனங்காணுங்கள்

எளியவற்றிலிருந்து தொடங்கலாம். பேச்சு வழக்கில் 'மூச்சுப் பிடிப்பு' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இடைவிலாத் தசையில் ஏற்படும் சுளுக்கு. பாரம் தூக்கும்போதோ, சட்டென்று திரும்பும்போதோ, பல நாள் இருமலுக்குப் பின்னரோ வரும். குறிப்பிட்ட இடத்தை அழுத்தினால் வலிக்கும். ஆழ்ந்த மூச்சிலும் தும்மலிலும் சுரீரென்று குத்தும். விலாவும் குருத்தெலும்பும் சேரும் இடம் வீங்கினாலோ விலகினாலோ வலி வாரக்கணக்கில் நீடிக்கும். குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால் அது மெதுவாகவே ஆறும், எக்ஸ்ரேயிலும் தெரியாது. மார்பகத்தில் அடிபட்டால் இரத்தம் கட்டலாம்; சில வாரங்களுக்குப் பின் கொழுப்புத் திசு சிதைந்து கெட்டியான கட்டியாக மாறலாம். அது தீங்கற்றதுதான் என்றாலும், புற்றுநோய்க் கட்டியைப் போலவே தோன்றக்கூடும் என்பதால் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

பெரிய மார்புத் தசையின் நாண் அறுபடுவது பளு தூக்குபவர்களிடம் காணப்படும் காயம். மல்லாந்து படுத்துப் பளுவைத் தூக்கும் பயிற்சியில், பளுவை மேலே தள்ளும்போதைவிட மார்பை நோக்கி இறக்கும்போதே இது பெரும்பாலும் நிகழ்கிறது; நீண்ட நிலையில் இருக்கும் தசை அப்போதுதான் முழுச் சுமையையும் தாங்குகிறது. 'டப்' என்று ஏதோ அறுந்த உணர்வும், மேற்கை வரை பரவும் கன்றலும், அக்குளின் முன்மடிப்பு மறைவதும் இதன் அடையாளங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதல் சில வாரங்களுக்குள் செய்வதே நல்ல பலன் தரும் என்பதால் இதைச் சுளுக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

விலா எலும்பு முறிவில் 4 முதல் 9 வரையுள்ள விலாக்களே அதிகம் அகப்படுகின்றன. முறிவின் இடத்தை விட அதன் திசை முக்கியம். முன்னும் பின்னுமாக நெஞ்சு நசுங்கும்போது விலாக்கள் வெளிப்புறமாக வளைந்து பக்கவாட்டில் முறிகின்றன. ஓரிடத்தில் நேராக விழும் குத்தோ, கல்லின் முனையோ முறிந்த நுனியை உள்நோக்கித் தள்ளி நுரையீரலைக் குத்தக்கூடும். முதல் இரண்டு விலாக்கள் முறிய மிகப் பெரிய விசை வேண்டும். அவை முறிந்திருந்தால் அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களையும் கை நரம்புத் தொகுதியையும் சந்தேகிக்க வேண்டும். குழந்தைகளின் விலாக்கள் மூங்கிலைப் போல வளைந்து கொடுப்பவை. அதனால் எலும்பு முறியாமலேயே நுரையீரல் நசுங்கியிருக்கலாம். குழந்தையின் விலா முறிந்திருந்தால் அடி மிகக் கடுமையானது என்று பொருள். முதியவர்களில் நிலைமை நேர்மாறு. எலும்பு தேய்ந்த ஒருவருக்குப் பலத்த இருமலே விலாவை முறித்துவிடும். முறிந்த விலாக்களின் எண்ணிக்கை கூடக் கூட நிமோனியாவின் அபாயமும் இறப்பின் அபாயமும் அவர்களிடம் ஏறிக்கொண்டே போகின்றன.

அடுத்தடுத்துள்ள மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விலாக்கள், ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் முறிந்தால், இடைப்பட்ட சுவர்த்துண்டு கூட்டிலிருந்து பிரிந்து தனியே ஆடத் தொடங்கும். மற்ற மார்பு விரியும்போது அது உள்ளே போகும். மற்றது அடங்கும்போது அது வெளியே பிதுங்கும். பார்ப்பதற்கு இந்த எதிர்மறை அசைவே அச்சமூட்டினாலும், நோயாளியின் ஆக்சிஜன் குறைவதற்கு அடியிலுள்ள நுரையீரல் நசுங்கியதே முதன்மைக் காரணம். நசுங்கிய நுரையீரலில் இரத்தமும் நீரும் கசிந்து, முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் மூச்சுத்திணறல் படிப்படியாகக் கூடும். அடிபட்ட அன்று நடந்து பேசிக்கொண்டிருந்தவர் மறுநாள் மோசமாவது இப்படித்தான்.

ப்ளூரா இடைவெளிக்குள் காற்று புகுவதை நியூமோதோராக்ஸ் என்கிறோம். சிறிதளவு காற்று தானாகவே உறிஞ்சப்பட்டுவிடலாம். கிழிசல் ஒருவழிக் கதவுபோல இயங்கி, உள்ளே போகும் காற்றை வெளியே விடாதபோதுதான் நிலைமை விபரீதமாகிறது. ஒவ்வொரு மூச்சிலும் அழுத்தம் ஏறி, நுரையீரல் முற்றிலும் சுருங்கி, இதயமும் பெருஞ்சிரைகளும் மறுபுறம் தள்ளப்பட்டு, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்துவிடும். மூச்சுத் திணறல், வேகமான நாடி, இரத்த அழுத்த வீழ்ச்சி, கழுத்துச் சிரைகள் புடைத்தல், ஒரு பக்கம் மூச்சொலி கேளாமை ஆகியவை அதன் அறிகுறிகள். மூச்சுக்குழாய் ஒருபுறம் விலகுவது கடைசியில்தான் தெரியும். அதற்காகக் காத்திருப்பது தவறு. இந்நிலையில் எக்ஸ்ரேக்குக் காத்திராமல் மருத்துவர் ஊசி செலுத்தியோ, மார்பில் சிறு துளையிட்டு விரலை நுழைத்தோ காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

அதே இடைவெளியில் இரத்தம் தேங்கினால் ஹீமோதோராக்ஸ். ஒரு பக்க மார்புக்குள் மட்டுமே பல லிட்டர் இரத்தம் வெளியே துளியும் தெரியாமல் தங்கக்கூடும். குழாய் செலுத்தியவுடன் 1,500 மி.லி.க்கு மேல் இரத்தம் வந்தால் அறுவை அரங்குக்குச் செல்ல வேண்டியிருக்கும் என்பது பரவலான நடைமுறை அளவுகோல்.

இதயத்தைப் பொறுத்தவரை, உறைக்குள் விரைவாகச் சேரும் 100 முதல் 200 மி.லி. இரத்தமே அதன் துடிப்பை நெரித்துவிடப் போதும்; விரியாத உறை என்று முன்பு சொன்னதன் பொருள் இதுவே. குறைந்த இரத்த அழுத்தம், புடைத்த கழுத்துச் சிரைகள், மங்கிய இதய ஒலி என்ற மூன்று அடையாளங்களை அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக் 1935-ல் விவரித்தார். மூன்றும் ஒன்றாகத் தெரியும் நோயாளிகள் குறைவு. இன்று அல்ட்ராசவுண்ட் கருவி அந்தக் குறையை ஈடுசெய்கிறது. வேகமாகச் செல்லும் வாகனம் திடீரென மோதி நிற்கையில், பெருந்தமனி அதன் வளைவு முடிந்து கீழிறங்கத் தொடங்கும் இடத்தில் கிழியலாம். அங்கே அது நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்க, அதன் முற்பகுதி இதயத்தோடு சேர்ந்து முன்னோக்கி இழுபடுகிறது. இக்காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் விபத்து நடந்த இடத்திலேயே இறக்கிறார்கள்.

விளையாட்டுத் திடலில் நிகழும் ஒரு விபரீதத்தையும் அறிந்திருக்க வேண்டும். நலமாயிருக்கும் ஒரு சிறுவனின் மார்பில், இதயத்துக்கு நேரே, அவ்வளவு வேகமில்லாத பந்து ஒன்று படுகிறது; அவன் ஓரிரு அடி எடுத்துவைத்துச் சரிகிறான். எலும்பும் இதயத் தசையும் பழுதின்றி இருக்கும். துடிப்புச் சுழற்சியின் சில மில்லி நொடிகளே நீளும் ஒரு குறிப்பிட்ட கணத்தில் அடி விழுந்ததால் இதயத்தின் மின்னோட்டம் சிதறி, அது துடிப்பதற்குப் பதில் நடுங்கத் தொடங்கியிருக்கும். உடனடியாக மார்பை அழுத்துவதும், தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்துவதும் மட்டுமே அவனைக் காப்பாற்றும்.

ஐந்தாம் படி: அடிபட்ட இடத்தில் செய்ய வேண்டியவை

1. முதலில் அவசர ஊர்தியை அழையுங்கள். மூச்சுத் திணறல், நீலம் பாரித்த உதடு, இரத்தம் கலந்த சளி, மயக்கம், குளிர்ந்து வியர்த்த தோல், தோலுக்கடியில் அழுத்தினால் நொறுநொறுவென்று காற்று அசையும் உணர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே போதும், தயங்க வேண்டாம்.

2. சட்டையை விலக்கி மார்பின் இரு பக்கமும் ஒன்றுபோல விரிகின்றனவா என்று பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என எண்ணுங்கள். முதுகையும் அக்குளையும் பார்க்க மறக்காதீர்கள். குத்துக் காயங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

3. நினைவோடு இருப்பவரைச் சாய்ந்து உட்கார வையுங்கள். முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அசைக்காதீர்கள். நினைவிழந்து மூச்சு மட்டும் இருப்பவரைப் பக்கவாட்டில் கிடத்த வேண்டி வந்தால், அடிபட்ட பக்கம் கீழே இருக்கட்டும். நல்ல நுரையீரல் தடையின்றி விரியும்.

4. குத்திய பொருள் மார்பில் நின்றால் அதைப் பிடுங்காதீர்கள். அதுவே இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அசையாதபடி இருபுறமும் துணி வைத்து அணை கொடுங்கள்.

5. காற்றை உறிஞ்சும் திறந்த காயத்தைப் பிளாஸ்டிக் தாளால் முழுவதும் மூடும் பழைய பழக்கத்தைப் பொதுமக்கள் கைவிடுவதே நல்லது. உள்ளே சேரும் காற்று வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். காயத்தைத் திறந்தே விடலாம்; இரத்தம் அதிகம் வந்தால் துணியால் நேராக அழுத்தலாம், அந்தத் துணி ஊறிக் காயத்தை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. மூச்சு நின்றுவிட்டால் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். அழுத்தும்போது விலா முறியும் ஓசை கேட்கலாம். நிறுத்த வேண்டாம், முறிந்த விலா ஆறிவிடும்.

7. மருத்துவர் பார்க்கும் வரை உணவோ நீரோ கொடுக்காதீர்கள்.

அடி எதுவும் படாமல் நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தமும், கை அல்லது தாடைக்குப் பரவும் வலியும், வியர்வையும் இருந்தால் அது இந்த வழிகாட்டியின் எல்லைக்குள் வராது. மாரடைப்பாகக் கருதி விரைய வேண்டும்.

ஆறாம் படி: மருத்துவமனையில் நடப்பவை

மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையிலேயே பரிசோதனை நடக்கும். எக்ஸ்ரே முதலில் எடுக்கப்பட்டாலும் அது விலா முறிவுகள் பலவற்றைக் காட்டாமல் விட்டுவிடும். காற்றும் இரத்தமும் தேங்கியுள்ளனவா என்று பார்ப்பதே அதன் முதன்மை நோக்கம். 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் வலிக்கிறது' என்று சொல்பவரின் விலா உண்மையிலேயே முறிந்திருக்கலாம். கடுமையான விபத்தென்றால் சி.டி. ஸ்கேனும், நெஞ்செலும்பு முறிந்திருந்தால் இதயத் தசையின் நிலையை அறிய இ.சி.ஜி.யும் எடுப்பார்கள். காற்றையோ இரத்தத்தையோ வெளியேற்ற, அக்குளுக்குக் கீழே ஏறத்தாழ 5-ஆவது விலா இடைவெளியில் குழாய் செலுத்தப்படும். நெஞ்சாங்கூட்டைத் திறக்கும் பெரிய அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படுகிறது.

ஏழாம் படி: வீட்டில் ஆறும் வாரங்கள்

முறிந்த விலாவைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டும் வழக்கத்தை மருத்துவம் கைவிட்டுவிட்டது. கட்டு வலியைக் குறைப்பதுபோல் தோன்றினாலும் மார்பு விரிவதைத் தடுக்கிறது. விரியாத நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கி நிமோனியா வருகிறது. வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விடுவதும் இதே வேலையைத்தான் செய்யும். அதனால் வலி மாத்திரையை வலி தாங்காதபோது மட்டும் விழுங்காமல், மருத்துவர் சொன்ன அளவில் வேளை தவறாது எடுத்துக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதி. வலியைப் பொறுத்துக்கொள்வதை வீரமாக நினைப்பவர்களே சளி கட்டித் திரும்பி வருகிறார்கள்.

விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொருமுறை 10 தடவை ஆழ்ந்து மூச்சிழுத்துச் சில நொடிகள் நிறுத்தி, பிறகு வெளிவிடுங்கள். மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இருமும்போது தலையணையை அடிபட்ட இடத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி வெகுவாகக் குறையும். முதல் நாள்களில் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். மல்லாந்து படுக்க முடியாதவர்கள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உறங்கலாம். எழுந்து நடப்பது நுரையீரலுக்கு நல்லது. பாரம் தூக்குவதும் புகைப்பதும் கூடாது. விலா ஆற ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும், சிலருக்கு 12 வாரங்கள் வரை வலி மிச்சமிருக்கும். காய்ச்சல், நிறம் மாறிய சளி, கூடிக்கொண்டே போகும் மூச்சுத் திணறல், புதிதாக வயிற்றிலோ தோளிலோ வலி ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் திரும்ப வேண்டும்.

நியூமோதோராக்ஸ் வந்து ஆறியவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. உயரத்தில் வெளியழுத்தம் குறையும்போது மார்புக்குள் மிச்சமிருக்கும் காற்று விரிவடையும் என்பதால், காற்று முழுதும் நீங்கியதை எக்ஸ்ரே உறுதிப்படுத்தி மருத்துவர் அனுமதிக்கும் வரை விமானத்தில் பறக்கக் கூடாது. காற்றுருளையோடு ஆழ்கடலில் மூழ்கும் பழக்கம் உள்ளவர்கள், சிறப்பு மருத்துவரின் மதிப்பீடு இல்லாமல் மீண்டும் நீரில் இறங்கவே கூடாது.